மாமனார் உத்தியோகம்

பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் பீரங்கியின் பலத்திலோ கப்பலின் பலத்திலோ நிற்கவில்லை. யாரும் கேட்காமலே முன்வந்து வரி செலுத்தும் உத்தமர்களின் தோள்மீதுதான் அது நிற்கிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றாம் வருஷத்தில் சேலம் ஜில்லா முழுவதிலும் அப்படிப்பட்ட உத்தமர் ஒரே ஒருவர்தான் இருந்தார். ஜேடர்பாளையத்துக்குக் கிழக்கே, ராஜவாய்க்கால் கரை ஊரில் வசித்த மயில்சாமி அவர்கள்தான் அவர். வரி கட்ட அவருக்கு ஆசை இருந்தது. வருமானம்தான் இல்லை.

மயில்சாமி வீட்டோடு மாப்பிள்ளை. வாய்க்கால் பாயும் வயலும், வெற்றிலைக் கொடிக்காலும், வாழையும் மாமனார் மருதாசலத்தின் பெயரில் இருந்தன. மருதாசலத்துக்கு ஆண் வாரிசு இல்லை, இரண்டு பெண்கள். மூத்தவள் பெரியநாயகியைக் கட்டிக்கொண்டு மயில்சாமி இங்கேயே தங்கிவிட்டார். இளையவளைக் கட்டியவர் ராசிபுரத்து நெய் வியாபாரி அங்கமுத்து.

மருதாசலத்துக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருஷமாகிறது. வலக் கையும் வலக் காலும் விழுந்துவிட்டன. நாக்கின் பக்கம் போக மட்டும் வாதத்துக்குத் தைரியம் வரவில்லை. வீட்டு முன்கட்டான ஆசாரத்தில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்தபடியே பண்ணையத்தை நடத்திவந்தார். அவரைத் தூக்குவது, துடைப்பது, ஊட்டுவது, புரட்டுவது எல்லாம் பெரியநாயகி. மயில்சாமியின் பங்கும் இல்லாமல் இல்லை. தினமும் காலையில் நிலைப்படியில் நின்று, "மாமா, எப்படி இருக்கறீங்க?" என்று கேட்பார். பதில் வருவதற்குள் போய்விடுவார்.

அவருடைய மனத்தை அரித்தது வாதமல்ல, சகலை அங்கமுத்து. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அங்கமுத்து பந்தல் நடுவில் உட்கார்ந்து, "என்னத்தைச் சொல்றதுங்க, இந்த வருசமும் இன்கம்டாக்ஸ்காரன் என்ற கழுத்தைப் புடிச்சுட்டானுங்க" என்று அழுவார். அழுகையைக் கேட்டதும் யாராவது ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்து போடுவார்கள். நிலத்துக்குத் தீர்வை கட்டுகிறவன் ஊருக்கு நூறு பேர் உண்டு. அதைக் கட்டுகிறவனுக்குத் தாலுக்கா கச்சேரியில் வெயில்தான் கிடைக்கும். வருமான வரி வக்கீலுக்கும் சாவுகாருக்கும் உரியது. அதைக் கட்டி அழுவதற்கு ஒரு யோக்கியதை வேண்டும்.

அந்த யோக்கியதை அவசரமாகத் தேவைப்பட்டது. நாமக்கல் பெஞ்சு கோர்ட்டில் கௌரவ மாஜிஸ்திரேட் பதவி ஒன்று காலியாகியிருந்தது. சம்பளம் கிடையாது. ஆனால் விளக்கில்லாமல் வண்டி ஓட்டியவனையும் சந்தைக்கு நடுவில் மாட்டைக் கட்டியவனையும் எதிரே நிறுத்தி, எட்டணா அபராதம் போடலாம். எழுந்து நிற்கிற சுகத்தையே இதுவரை அறிந்திருந்த மயில்சாமிக்கு, நிற்கவைக்கிற சுகத்தை ஒரு தரமாவது அனுபவித்துவிட வேண்டும் என்று தோன்றியது.

நாமக்கல்லில் மனு எழுதும் செல்லமுத்துவிடம் போனார். செல்லமுத்து மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார்.

"உங்க பேர்ல பட்டா இருக்குதுங்களா?"

"மாமனார் பேர்லீங்க."

"அப்ப அது மாமனாரை மாஜிஸ்திரேட் ஆக்கறதுக்குத்தான் ஆவும். வருமான வரியாச்சும் கட்டறீங்களா? ரெண்டுல ஒண்ணு இருந்தாத்தான் பேரு மேலே போவும். வருசம் ஆயிரம் ரூவாய்க்கு மேல சம்பாத்தியம் காட்டோணும்."

"காட்டிப்போடலாமுங்க."

"தொழில் என்னன்னு எழுதட்டுங்க?"

மயில்சாமி நெடுநேரம் எதிரே தெரிந்த மலைக்கோட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது உதவவில்லை.

"ஊட்டுல மாமனார் படுத்திருக்காருங்க" என்றார் கடைசியாக.

"அதுக்கு?"

"பாத்துக்கறமுங்க."

"பாத்துக்கறதுக்கு அவரு காசு கொடுக்கறாரா?"

"கொடுக்கறதா வெச்சுக்குங்க."

செல்லமுத்து பேனாவை மையில் தோய்த்தார். இருபது வருஷத் தொழிலில் வருமானத்தை மறைக்க எழுதிக்கொடுத்துத்தான் அவருக்குப் பழக்கம். இல்லாத வருமானத்தை எழுதும்போது கை கொஞ்சம் கூசியது. ஆனாலும் மாசம் நூறு ரூபாய் என்று எழுதினார்.

மயில்சாமி வீடு திரும்பியபோது பெரியநாயகி வாசலிலேயே நின்றிருந்தாள். திருச்செங்கோட்டில் கட்டிக்கொடுத்த மகள் குஞ்சம்மாளிடமிருந்து ஆள் வந்திருந்தது. மாசம் எட்டாகிவிட்டது. முதல் இரண்டு பேறும் தாய்வீட்டில் ஆயிற்று. மூன்றாவதை அங்கேயே பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தார்கள். அப்படி நினைத்த அவள் மாமியார் போன மாசம் செத்துப்போனாள். இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு வண்டியில் வர அவளுக்கு முடியவில்லை. கால் வீங்கிக் கிடக்கிறாளாம்.

"ஏனுங்க, நான் போயி ஒரு மூணு மாசம் இருந்துட்டு வாரனுங்க. புள்ள தனியாக் கெடக்குது."

"உங்கப்பனை ஆரு பாக்கறது?"

"நீங்க..."

"நானா?" மயில்சாமி சிரித்தார். ஆசாரத்திலிருந்த மாமனாருக்கும் கேட்கும்படி சிரித்தார். "ஆம்பளை செய்யற வேலையா அது? ஆளைச் சொல்லி அனுப்பு, அங்கயே ஒரு மருத்துவச்சியை வெச்சுக்கட்டும்."

அப்பனைப் புரட்டிப் படுக்கவைக்கும் நேரமாகிவிட்டது, பெரியநாயகி உள்ளே போனாள்.

சாயங்காலம் மயில்சாமி கட்டிலருகே வந்து உட்கார்ந்தார். நிலைப்படியைத் தாண்டி அவர் வந்ததைப் பார்த்த மருதாசலம், தமக்குச் சாவு நெருங்கிவிட்டதோ என்று பயந்துபோனார்.

"மாமா, ஒரு கடுதாசிக்கு உங்க பெருவிரல் ரேகை வேணுமுங்க. சர்க்கார் விசயம்."

"படிங்க மாப்பிள்ளை, கேப்போம்."

மயில்சாமி தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். "'மேற்படி மருதாசலம் என்பவருக்கு உணவூட்டல், நீராட்டல், புரட்டிப் படுக்கவைத்தல், மலஜலாதிகளுக்கு உதவுதல் முதலிய சகல பணிவிடைகளையும் இரவு பகல் பாராமல் என் கையாலேயே செய்து, அதற்காக மாசம் ஒன்றுக்கு ரூபாய் நூறு ஊதியம் பெற்றுவருகிறேன்...'"

"நூறா!" மருதாசலத்தின் முகம் மலர்ந்தது. "நான் நூறு ரூவா பொறுமானமுள்ள நோவாளியா? போலீசு இன்ஸ்பெட்டருக்குக்கூட அவ்வளவு வராதுங்களே. கொஞ்சம் தாராளமா நோவு வந்திருந்தா எரநூறு போட்டிருப்பீங்களாட்ட இருக்குது." பிறகு தலையைத் திருப்பி மகளைப் பார்த்தார். "ஏஞ்சாமி, ரேகை வெக்கட்டுமா?"

பெரியநாயகி தூணோரம் நின்றிருந்தாள். "அதை இன்னொருக்காப் படிங்க" என்றாள் கணவனிடம். மயில்சாமி இன்னும் கம்பீரமாகப் படித்தார்.

"என் கையாலேயேன்னு எழுதியிருக்குதுங்களா?"

"ஆமா."

"நல்லா எழுதியிருக்குதுங்க" என்றாள். அப்பனின் இடக் கைப் பெருவிரலில் மையைத் தடவிக் காகிதத்தில் வைத்து அழுத்தியதும் அவள்தான்.

வருமான வரி ஆபீசர் சேலத்தில் அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டு, குமாஸ்தாவைக் கூப்பிட்டு இன்னொரு முறை படிக்கச் சொன்னாராம். ஆயிரக்கணக்கில் லாபம் பார்த்துவிட்டு, பிச்சை எடுக்கிறேன் என்று எழுதுகிறவர்களையே பார்த்துப் பழகியவர் அவர். கேட்காமல் வந்து மாட்டிக்கொள்கிறவனிடம் ஏதோ பெரிய சூது இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார். பரமத்தியில் முகாம் போட்டபோது, மோட்டாரை வாய்க்கால் கரைவழியாகத் திருப்பி நேரே வீட்டு வாசலில் வந்து இறங்கினார்.

மயில்சாமி கோட்டுப் போட்டுக்கொண்டு எதிர்கொண்டார். ஆபீசருக்குக் கட்டிலருகே நாற்காலி போடப்பட்டது.

"காலையில் முதலில் என்ன செய்வீர்?"

"எந்திரிப்பனுங்க."

"அவருக்கு என்ன செய்வீர் என்று கேட்டேன்."

"அவரும் எந்திரிப்பாருங்க."

"நான் எந்திரிச்சு ரெண்டு வருசமாச்சுங்க சாமி" என்றார் மருதாசலம் கட்டிலிலிருந்து.

ஆபீசர் குறித்துக்கொண்டார். "காலை ஆகாரம்?"

"சோறுங்க" என்று மயில்சாமி ஆரம்பித்தார். சமையற்கட்டிலிருந்து, "நொய்க்கஞ்சி" என்று ஒரு குரல் மெதுவாக வந்தது. "சோறுன்னா, நொய்க்கஞ்சிங்க" என்றார்.

"எந்தப் பக்கமாகப் படுக்கவைப்பீர்?"

மயில்சாமி சமையற்கட்டின் பக்கம் காதைச் சாய்த்தார். "இடப் பக்கமுங்க."

"ஏன்?"

இந்த முறை குரல் வரவில்லை. அம்மிக்கல் சத்தம் மட்டும் வந்தது.

"அந்தப் பக்கந்தானுங்க செவுரு இருக்குது" என்றார் மயில்சாமி. "பாத்துட்டே படுத்திருப்பாருங்க."

ஆபீசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "உள்ளே இருந்து பேசுவது யார்?"

"என்ற சம்சாரமுங்க. வேலை செய்யறப்பத் தனக்குத்தானே பேசிக்குவா."

"வரச் சொல்லும்."

பெரியநாயகி கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிலையோரம் நின்றாள். ஆபீசர் குரலைத் தணித்துக் கேட்டார்: "பயப்படாமல் சொல்லும்மா. உன் தகப்பனாரைக் கவனித்துக்கொள்வது யார்?"

நாமக்கல் பெஞ்சு, அதிலுள்ள நாற்காலி, எட்டணா அபராதம் எல்லாம் அவள் வாயில் போய் நின்றன. மயில்சாமி கண்ணால் கெஞ்சினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அவளைக் கெஞ்சிப் பார்த்தது அன்றுதான்.

"அவியதானுங்க பாத்துக்கறாங்க" என்றாள் பெரியநாயகி. "அவிய இருக்கற தைரியத்துலதானுங்க நான் நாளைக்கு மவ ஊட்டுக்குப் போறனுங்க, பேறுகாலம் பாக்க. வர மூணு மாசமாவும். அதுவரைக்கும் எங்கப்பனுக்கு இவியளை உட்டா வேற நாதியில்லீங்க."

"நாளைக்கா?"

"வண்டி பூட்டச் சொல்லியாச்சுங்க."

ஆபீசருக்கு இந்தச் செய்தி எவ்வளவு புதிதோ, மயில்சாமிக்கும் அவ்வளவு புதிது. ஆபீசர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் உதட்டோரம் ஏதோ அசைந்தது. உத்தியோகஸ்தர்கள் சிரிப்பது அப்படித்தான்.

"ரொம்ப சரி. நிலத்து வருமானத்துக்கு வருமான வரி கிடையாது. அதையே உமக்குச் சம்பளமாகக் கொடுத்தால் வரி உண்டு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று. இதில் எழுதியிருப்பது பொய் என்று தெரியவந்தால் கேஸ் போடுவேன். கிராம முன்சீப்பிடம் சொல்லிவிட்டுப் போகிறேன். அவ்வப்போது வந்து பார்ப்பார்."

"அவரு எதுக்குங்க சாமி மெனக்கெடறது?" என்றார் மருதாசலம். "நானே தாக்கல் சொல்லியுடறனுங்க."

மோட்டார் கண்மறைந்ததும் மயில்சாமி சமையற்கட்டுக்குள் பாய்ந்தார். "ஏ, நெசமாவே போறியா?"

பெரியநாயகி பூண்டையும் கருப்பட்டியையும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். "கவர்மெண்டு ஆபீசர்கிட்டப் பொய் சொல்லலாமுங்களா?" என்றாள்.

மறுநாள் வண்டி ஏறுவதற்கு முன்னால், புரட்டுவது எப்படி, கஞ்சியை எந்தப் பதத்தில் கொடுப்பது, முதுகில் புண் வராமல் எண்ணெய் தடவுவது எப்படி என்று வரிசையாகச் சொன்னாள். மயில்சாமி, இரு தரப்பு வாதத்தையும் கேட்கும் மாஜிஸ்திரேட்டைப் போலத் தலையாட்டினார். ஒன்றும் மனத்தில் நிற்கவில்லை.

நிற்கவில்லை என்பது முதல் கரண்டியிலேயே தெரிந்தது.

"சம்பளக்காரரே" என்றார் மருதாசலம், கஞ்சியைத் தும்மிவிட்டு. மாப்பிள்ளை என்று கூப்பிடுவதை அவர் அன்றோடு நிறுத்திவிட்டார். "இது மூக்குங்க. கொஞ்சம் கீழ வந்தீங்கன்னா வாயி இருக்கும்."

பண்ணையாள் மாதையனைக் கூப்பிட்டுப் பார்த்தார் மயில்சாமி. மாதையன் கட்டிலருகே வந்து கையை நீட்டியதும் மருதாசலம் தடுத்தார். "மாதையா, உனக்கு நூறு ரூவா கொடுக்கறாரான்னு கேட்டுப்போட்டு அப்பறமாத் தொடு."

மாதையன் திரும்பி, "கொடுக்கறீங்களா பண்ணாடி?" என்று கேட்டான். மயில்சாமி கையை விரித்ததும் கொடிக்காலுக்குத் தண்ணீர் கட்டப் போய்விட்டான்.

நோயாளியை இரண்டு வருஷமாக எட்டிப் பார்க்காத ஊர், இப்போது சம்பளக்காரரைப் பார்க்க வந்தது. முன்சீப் வெற்றிலையும் கையுமாக வந்து உட்கார்ந்து, "இன்னிக்கு ஒருக்காப் பொரட்டுங்க, பாக்கலாம்" என்பார். பார்த்துவிட்டு, போன தடவைக்கு இந்தத் தடவை பரவாயில்லை என்று அபிப்பிராயம் சொல்வார். மயில்சாமியின் கோட்டு ஆணியில் தொங்கியது. வேட்டியை முழங்காலுக்கு மேல் வரிந்து கட்ட அவர் கற்றுக்கொண்டார்.

அங்கமுத்துகூட ராசிபுரத்திலிருந்து ஒரு தூக்கு நெய்யோடு வந்தார். வந்ததும் வழக்கம்போல, "இந்த வருசமும் இன்கம்டாக்ஸ்காரன்..." என்று ஆரம்பித்தார்.

இந்தக் கணத்துக்காகத்தான் மயில்சாமி உயிரோடிருந்தார். "அதை ஏன் கேக்கறீங்க சகலை" என்று பெருமூச்சு விட்டார். "எங்களையும் உடலீங்க."

அங்கமுத்து திகைத்துப்போனார். "உங்களுக்குமா? எந்த ஏவாரத்துலீங்க?"

"என்ற ஏவாரத்துலதானுங்க" என்றார் கட்டிலில் இருந்தவர். "முதலு நானு. லாபந்தான் இன்னும் கண்ணுல காணோம். சம்பளக்காரரே, முதுகு அரிக்குது."

மயில்சாமி சகலையின் கண்ணெதிரே சொறிந்துவிட்டார். ராசிபுரம், திருச்செங்கோடு, நாமக்கல் ஆகிய மூன்று ஊர்களிலும் அந்தச் செய்தியைப் பரப்ப அங்கமுத்துவுக்கு நெய் விற்கும் வழியே போதுமாயிருந்தது.

ஆனால் பெயர் மேலே போயிருந்தது. செல்லமுத்து சொன்னபடியே நடந்தது. கலெக்டர் நாமக்கல் பயணியர் பங்களாவில் முகாம் போடுவதாகவும், பெஞ்சுப் பதவிக்கு உரியவர்களை நேரில் பார்ப்பதாகவும், மயில்சாமி தவறாமல் ஆஜராக வேண்டும் என்றும் தாலுக்கா கச்சேரியிலிருந்து ஆள் வந்து சொல்லிப்போனான்.

மயில்சாமி கோட்டை ஆணியிலிருந்து எடுத்து உதறினார். அப்புறம்தான் கட்டில் நினைவு வந்தது. பெரியநாயகி வரவில்லை, குஞ்சம்மாளுக்கு ஆண் குழந்தை பிறந்து, தாயும் பிள்ளையும் சுகம் என்று தகவல்தான் வந்திருந்தது. முன்சீப்பும் முகாமுக்குப் போகிறார், கட்டிலை விட்டு வந்ததைப் பார்த்துவிடுவார். மற்றவன் தொட்டால் மருதாசலம் ஊரைக் கூட்டுவார்.

"ஒரு நாள் பொறுத்துக்குங்க மாமா. மாதையன் பாத்துக்குவான்."

"இரவு பகல் பாராமன்னு எழுதியிருக்குதுங்க. நீங்கதான் படிச்சீங்க." மருதாசலம் யோசித்தார். "ஒண்ணு செய்யுங்க. என்னையும் வண்டியில போட்டுக் கூட்டிட்டுப் போயிருங்க. நானும் வெளிய பாத்து எத்தனை நாளாச்சு."

அப்படித்தான் மாதையன் ஓட்ட, வைக்கோல் பரப்பிய கூண்டு வண்டியில் மாமனாரும், அவர் தலைமாட்டில் சரிகைத் தலைப்பாகையும் கோட்டுமாக மாப்பிள்ளையும் நாமக்கல் போய்ச் சேர்ந்தார்கள். வழியெல்லாம் மருதாசலம் தலையைத் தூக்கச் சொல்லி, எவன் காட்டில் என்ன பயிர் என்று பார்த்துக் கருத்துச் சொல்லிக்கொண்டே வந்தார். அத்தனை சந்தோஷமாக அவரை மயில்சாமி பார்த்ததில்லை. வள்ளிபுரத்துச் சாவடியில் நிறுத்தி, வடையும் கடலையும் வாங்கித் தரச் சொன்னார். கலெக்டரைப் பார்க்கப் போகிற நல்ல நாளில் தகராறு வேண்டாம் என்று மயில்சாமி வாங்கிக் கொடுத்தார், வாயிலும் ஊட்டினார். இப்போது மூக்குக்குப் போவதில்லை.

பங்களாத் தோட்டத்தில் பட்டு அங்கவஸ்திரங்களும் தலைப்பாகைகளும் வரிசையாக நின்றிருந்தன. மயில்சாமி வண்டியைப் புளியமரத்து நிழலில் அவிழ்க்கச் சொல்லிவிட்டு வரிசையில் போய் நின்றார். செல்லமுத்து அருகே வந்து காதோடு சொன்னார்: "கலெக்டருக்கு உங்க பேரு ரொம்பப் புடிச்சுப் போச்சுங்க. தானா வந்து வரி கட்டற ஆளு ஆருன்னு கேட்டாராம். உள்ளே போனதும் ஒரு கும்பிடு போடுங்க, அவ்வளவுதான். உங்களுக்குத்தான்."

மயில்சாமியின் கண்கள் கலங்கின. முன்னால் இருவர் இருந்தார்கள். ஒருவர் உள்ளே போனார்.

அப்போது புளியமரத்தடியிலிருந்து குரல் வந்தது. "சம்பளக்காரரே!"

தோட்டம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. மயில்சாமி வரிசையைப் பிடித்துக்கொண்டே ஜாடையால் பொறுக்கச் சொன்னார்.

"கடலை கலக்கிப்போட்டுதுங்க!"

"இன்னும் ஒருத்தர்தானுங்க மாமா!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"என்ற வயிறு கலெக்டரைக் கேட்டுப்போட்டா வரும்? மாதையனைக் கூப்புடட்டுமா? முன்சீப்பு அங்கதான் நிக்கறாரு, பாத்துக்கட்டும்!"

முன்சீப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மயில்சாமி தலைப்பாகையைக் கழற்றிச் செல்லமுத்துவின் கையில் கொடுத்துவிட்டு ஓடினார்.

கலெக்டரின் டபேதார் வெளியே வந்து, "மயில்சாமி!" என்று கூப்பிட்டான். இன்னொரு தரமும் கூப்பிட்டுவிட்டு, அடுத்த பெயருக்குப் போனான். மயில்சாமி அப்போது வண்டிக்குப் பின்னால் மாமனாருக்குக் கால் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்.